பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு: மண்ணையும் புல்லையும் அறிந்து பார்க்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு நான் முதன்முறை போனது ஒரு ஜூலை மாத நண்பகலில். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, பூங்காவின் வளையச் சாலையை இரண்டு மணி நேரத்தில் கடந்து, வெயிலில் வெளுத்து நின்ற மேடுகளைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டு, இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்ற ஏமாற்றத்தோடு திரும்பினேன். இரண்டாம் முறை, மழை பெய்த மறுநாள் சரளைச் சாலையில் வாடகைக் காரை ஓட்டிச் சென்று, சக்கரங்கள் களியில் புதைந்து, இழுவை வண்டிக்காக அரை நாள் காத்திருந்தேன். மூன்றாம் பயணத்தில்தான் இந்த நிலம் எப்படிப்பட்டது, எந்த நேரத்தில் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பவை புரிந்தன. முதல் பயணத்திலேயே உங்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. மாதத்தையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பூங்கா ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்தே இருக்கிறது. ஆனாலும் எல்லா மாதங்களும் புதியவருக்கு ஏற்றவை என்று சொல்ல முடியாது. மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை புல் பசுமையாக இருக்கும், காட்டுப் பூக்கள் மலர்ந்திருக்கும். அதே சமயம் ஆண்டின் அதிக மழை பெய்வதும் அந்தப் பருவத்தில்தான். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு, பிற்பகலில் இடியும் ஆலங்கட்டி மழையும் திடீரென்று வரும். ஆகஸ்ட் தொடக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அருகிலுள்ள ஸ்டர்ஜிஸ் ஊரில் நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்குப் பல லட்சம் பேர் வருவதால், சுற்றுவட்டாரம் முழுவதும் அறைகள் நிரம்பி, வாடகை பல மடங்காகிவிடும். என்னைக் கேட்டால் செப்டம்பரைச் சொல்வேன். புல் பொன்னிறமாகியிருக்கும், பாதைகள் காய்ந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

மாதத்தைவிட நேரம் முக்கியம். நண்பகல் ஒளி மேடுகளின் மேல் செங்குத்தாக விழும்போது அடுக்குகளின் நிறம் எல்லாம் ஒரே சாம்பல் வெளுப்பாகத் தெரியும். சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரமும், மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் பார்க்க வேண்டிய நேரம். ஆகவே ஒரு பகல் போதும் என்று திட்டமிடாமல், ஒரு மாலை, ஒரு இரவு, ஒரு காலை என்றாவது ஒதுக்குங்கள்; இரண்டு இரவுகள் இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

2. கட்டணமும் ஆவணங்களும்

ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர். அதில் இருக்கும் அனைவருக்கும் சேர்த்து அது 7 நாட்களுக்குச் செல்லும். மோட்டார் சைக்கிளுக்கு 25 டாலர், நடந்தோ மிதிவண்டியிலோ வருபவருக்கு ஆளுக்கு 15 டாலர். 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வாயிலில் காவலர் இல்லாத நேரத்தில் நுழைந்தாலும் கட்டணம் உண்டு. ரொக்கத்தை மட்டும் நம்பிப் போகாமல் வங்கி அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இதே பயணத்தில் டெவில்ஸ் டவர், யெல்லோஸ்டோன் என்று மேற்கே தொடர்ந்து போகிறவர்கள், எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு அனுமதி அட்டையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு அது 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர் என்று தனி விலை வைத்திருக்கிறார்கள். 80 டாலர் அட்டைக்கு, அங்கே வசிப்பதைக் காட்டும் அரசுப் புகைப்பட அடையாள அட்டை வேண்டும். அட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவர் வண்டியில் இருந்தாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்திலேயே இருக்கும் மவுண்ட் ரஷ்மோரில் வாங்குவது வாகன நிறுத்தக் கட்டணம் என்பதால் இந்த அட்டை அங்கே செல்லாது. விண்ட் கேவ் பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாது. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகு அட்டை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் தேசியப் பூங்காச் சேவையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஓட்டுநர் உரிமத்தோடு, குடியுரிமை இல்லாத 18 வயது நிறைந்தவர்கள் கடவுச்சீட்டையும், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப் பிரதியையும் உடன் வைத்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைத் தம்மிடம் வைத்திருப்பது அந்நாட்டுச் சட்டப்படி கட்டாயம். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதை விடுதி அறையில் விட்டுவிட்டுக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

வாடகைக் கார் எடுக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. நான் வண்டி எடுத்த இடத்தில், சரளைச் சாலையில் போகலாமா என்று வாய்வழியாகக் கேட்டபோது தாராளமாகப் போகலாம் என்றார்கள். வண்டி சிக்கிய பிறகு அந்த வரியைக் காட்டி, இழுவைச் செலவு முழுவதையும் என் தலையில் கட்டினார்கள். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

3. தங்குமிடம்

பூங்காவுக்குள் சீடர் பாஸ் என்னும் இடத்தில் குடில்களும் கூடார முகாமும் உள்ளன. குடில்கள் குளிர்காலத்தில் மூடப்படும். கோடை நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வடக்கே வால் ஊரிலும் தெற்கே இன்டீரியர் என்னும் சிற்றூரிலும் அறைகள் உண்டு.

மேற்குப் பகுதியிலுள்ள சேஜ் கிரீக் முகாமுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை; முதலில் வருபவருக்கே இடம். அங்கே குழிக் கழிப்பறை உண்டு, குடிநீர் கிடையாது. பைசன் எருதுகள் கூடாரங்களுக்கு இடையிலேயே நடந்து போகும். சாலையிலிருந்தும் பாதையிலிருந்தும் அரை மைல் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கவும் இங்கே தனி அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. எங்கே தங்கினாலும் விறகுத் தீ மூட்டக் கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் நிறுத்த முடியாது என்பதால் பூங்கா முழுவதும் இந்தத் தடை உண்டு. சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பு கொண்டுபோகலாம்.

4. வழியும் கடிகாரமும்

அருகிலுள்ள விமான நிலையம் ராபிட் சிட்டி. அங்கிருந்து பூங்காவின் முதன்மைப் பார்வையாளர் மையமான பென் ரைஃபெல் மையம் ஏறக்குறைய 75 மைல் கிழக்கே இருக்கிறது. 90ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு வெளிவழிகளை நினைவில் வைத்தால் போதும்: கிழக்கே 131, மேற்கே வால் ஊரில் 110. இந்த இரண்டையும் 240ஆம் எண் வளையச் சாலை இணைக்கிறது. நிறுத்தாமல் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் சாலைதான், ஆனால் அதற்கு ஒரு பகல் முழுவதையும் கொடுங்கள்.

காலையில் 131 வழியாக நுழைந்து மாலையில் 110 வழியாக வெளியேறுவதே சரியான திசை என்பது என் முடிவு. கிழக்கு முனையிலுள்ள பிக் பேட்லேண்ட்ஸ் காட்சிமுனையில் உதயமும், மேற்கு முனையிலுள்ள பினக்கிள்ஸ் காட்சிமுனையில் அந்தியும் அழகாக அமைகின்றன. விலங்குகள் அதிகம் இருப்பதும் மேற்கில்தான், அவை வெளியே வருவதும் மாலையில்தான்.

கிழக்கிலிருந்து, அதாவது சூ ஃபால்ஸ் அல்லது மினியாபொலிஸ் பக்கமிருந்து வருபவர்கள் மாநிலத்தின் நடுவிலேயே நேர மண்டலம் மாறுவதைக் கவனிக்க வேண்டும். பூங்கா மலை நேரத்தில் இருக்கிறது. உங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். பூங்காவுக்குள் எரிபொருள் நிலையம் இல்லை, கைபேசி இணைப்பும் பல இடங்களில் கிடைக்காது. தொட்டியை நிரப்பிக்கொண்டு, வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

5. களிமண்ணையும் தண்ணீரையும் புரிந்துகொள்ளுங்கள்

இந்த மேடுகளின் மேற்பரப்பைக் குனிந்து கிட்டத்தில் பாருங்கள். சோளப்பொரியைக் கொட்டிப் பரப்பியதைப் போல் பொருமி, நொறுநொறுவென்று இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மேற்கே வெடித்த எரிமலைகளின் சாம்பல் காற்றில் வந்து படிந்து, காலப்போக்கில் பென்டோனைட் என்னும் களியாக மாறியிருக்கிறது. நனைந்தால் பல மடங்கு உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்புதான் பொரியாகத் தெரிகிறது. மழைக்குப் பின் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரிசலை அப்படி ஒட்ட வைக்கும் மான்ட்மோரில்லோனைட் கனிமம்தான் பென்டோனைட்டிலும் முதன்மையானது. செருப்பில் ஒரு சாண் கனத்துக்கு அப்பிக்கொள்ளும், சரிவில் எண்ணெய் தடவிய தளமாகிவிடும்.

இதிலிருந்து மூன்று விதிகள் பிறக்கின்றன. மழை பெய்த நாளிலும் மறுநாளிலும் சரளைச் சாலைகளில் காரை இறக்க வேண்டாம். பார்வையாளர் மையத்தில் சாலையின் அன்றைய நிலையைக் கேட்டுவிட்டுப் போங்கள். மழை தூறத் தொடங்கினால் எவ்வளவு அருகில் இருந்தாலும் சரிவில் ஏறாதீர்கள், ஏறியிருந்தால் உடனே இறங்குங்கள். காய்ந்த நாளில்கூட விளிம்பை நம்பி நிற்காதீர்கள். கல்லைப் போல் தெரிவது இறுகிய மண்தான், கையால் அழுத்தினாலே உதிரும்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் செய்யாதீர்கள். ஓடைகளில் ஓடும் நீரில் களித்துகள்கள் பால்போல் கலந்திருப்பதால் வடிகட்டி உடனே அடைத்துக்கொள்ளும், அதைக் குடிநீராக்க முடியாது. இரண்டு மணி நேர நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர், தங்கும் நாளுக்கு ஆளுக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு எடுத்துச் செல்லுங்கள். கணுக்காலை மூடும், அடிப்பக்கம் நன்கு பிடிக்கும் காலணியே வேண்டும். தொப்பி இல்லாமல் இறங்காதீர்கள். நிழல் தரும் மரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர் இது.

6. அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

நான் முதல் பயணத்தில் தவறவிட்டது இதைத்தான். இந்த மேடுகள் ஒரு சுவடிக் கட்டைப் போன்றவை. அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. வரிசை தெரிந்துவிட்டால், எந்தக் காட்சிமுனையில் நின்றாலும் கண் தானாகவே அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில், சேஜ் கிரீக் போன்ற ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் தெரியும் கருஞ்சாம்பல் மண், பியர் ஷேல் என்னும் களிப்பாறை. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பரப்பை மூடியிருந்த கடலின் அடிச்சேறு அது. அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்கள் அதில் கிடைக்கின்றன. கடல் வடிந்தபின் அந்தச் சேறு வெயிலுக்கும் மழைக்கும் நெடுங்காலம் திறந்து கிடந்து மஞ்சளாகிப் போனதையே யெல்லோ மவுண்ட்ஸ் காட்சிமுனையில் காண்கிறீர்கள். மஞ்சள் குவியல்களின் தலையில் செம்மண்ணும் அதற்கு மேல் சாம்பல் நிறமும் தொப்பி கவிழ்த்தாற்போல் இருக்கும். அந்த மஞ்சளும் சிவப்பும் பழங்கால மண். கடலடி தரையாகி, மரம் செடிகள் வேர்விட்டு வாழ்ந்த நிலம். பூங்காவில் ஓரிடத்தில் மட்டுமே இறங்க நேரம் இருக்கிறது என்றால் இங்கே இறங்குங்கள்.

அதற்கு மேல் வருவது சாட்ரன் அடுக்கு. 3.7 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பமான, ஈரமான ஆற்றுச் சமவெளி அது. முதலை இனமும், காண்டாமிருகத்தைப் போன்ற பேருடல் கொண்ட டைட்டனோதீரும் வாழ்ந்த காலம். இந்த அடுக்கு அரிக்கப்படும்போது கூர்முனை ஏற்படாது. சாம்பல் நிறத்தில் வைக்கோற்போர் போல் உருண்டையான மேடுகளாக நிற்கும். சோளப்பொரித் தோலை நன்றாகக் காண வேண்டியது இதில்தான்.

கூர்மையான முகடுகளும் சிவப்பு, பழுப்புப் பட்டைகளும் தொடங்கினால் நீங்கள் ப்ரூல் அடுக்குக்கு வந்துவிட்டீர்கள். காலம் 3.4 கோடியிலிருந்து 3 கோடி ஆண்டுகள். நிலம் உலர்ந்து, காடு குறைந்து, புல் பரவத் தொடங்கிய காலம். ஒவ்வொரு சிவப்புப் பட்டையும் இரும்பு துருவேறிச் சிவந்த ஒரு பழைய தரை. அதற்கு மேலுள்ள வெளிறிய பட்டை, ஆறு கரைபுரண்டு கொண்டுவந்து மூடிய வண்டல். ஆட்டின் அளவிலான ஓரியோடான்ட் என்னும் தாவர உண்ணியின் எலும்புகள் இதில் மிகுதி. இதன் உச்சியில் வெளிறிய ஒரு கோடு நெடுந்தூரம் ஓடுவதைக் கண்டால், அது ராக்கிஃபோர்டு சாம்பல் படிவு. எரிமலைச் சாம்பல் நேரடியாகப் படிந்த படலம் அது. அதிலிருந்து ஷார்ப்ஸ் அடுக்கு தொடங்குகிறது. டைனசோர் எலும்பு எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவை வாழ்ந்த காலத்தில் இந்த இடம் கடலாக இருந்தது என்பதே அதற்கு விடை.

இத்தனையும் படிய கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அரிப்பு தொடங்கியதோ 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் மழையும் ஓடைகளும் இதைக் கரைத்துக்கொண்டிருக்கின்றன. சில மேடுகளின் தட்டையான உச்சியில் புல் அப்படியே நிற்பதைப் பாருங்கள். சுற்றியிருந்த தரை முழுவதும் ஒருகாலத்தில் அந்த உயரத்தில் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த மறுகணம் சிவப்புப் பட்டைகள் ஈரத்தில் கருஞ்சிவப்பாக எழுந்து நிற்கும். அப்போது சரிவில் ஏறாமல் காட்சிமுனையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருங்கள்.

7. புல்வெளியைத் தவிர்க்காதீர்கள்

மேடுகளைப் பார்த்த கண் புல்லைக் கவனிக்க மறுக்கும். ஆனால் பூங்காவில் பெரும் பரப்பு புல்வெளிதான். கிழக்கே மழை மிகுந்த நாட்டின் உயரப் புல்லும் மேற்கே வறண்ட நாட்டின் குட்டைப் புல்லும் சந்திக்கும் கலப்புப் புல்வெளி இது. மேற்கத்திய கோதுமைப் புல், எருமைப் புல், நீலக் கிராமா என ஓரடிக்குள் பல வகை இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு, புல்லுக்குள் பத்தடி நடந்து, அமர்ந்து பாருங்கள். இந்தப் பூங்காவில் பாதையை விட்டு விலகி எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது அரிய சலுகை. நடக்கும்போது கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். இங்குள்ள ஒரே நச்சுப் பாம்பு புல்வெளி விரியன், வாலைக் கிலுகிலுப்பைபோல் ஆட்டி எச்சரிக்கும்.

மாலையில் சேஜ் கிரீக் விளிம்புச் சாலைக்குத் திரும்புங்கள். சாலை காய்ந்திருந்தால் மட்டும். ஹே பியூட் காட்சிமுனைப் பக்கம் பிக்ஹார்ன் மலையாடுகள் விளிம்பில் நிற்கும். இன்னும் சற்றுத் தூரத்தில் ராபர்ட்ஸ் பிரெய்ரி நாய்க் குடியிருப்பு. பெயரில்தான் நாய், உண்மையில் அணிலின் உறவு. ஒன்று நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தால் அடுத்தடுத்த வளைகளிலிருந்து பதில் வரும். அவை புல்லைக் கடித்துத் தரையோடு தரையாக வைத்திருக்கின்றன. அவற்றின் வளைகளில் வளை ஆந்தையும் பாம்பும் குடியிருக்கின்றன. கீரியைப் போல் நீண்ட உடலும் முகத்தில் கறுப்பு முகமூடியும் கொண்ட கருங்கால் ஃபெரெட், ஏறக்குறைய முழு உணவுக்கும் இவற்றையே நம்பி, இவற்றின் வளையிலேயே வாழ்கிறது. அழிந்தேவிட்டது என்று எண்ணப்பட்டு 1981இல் வயோமிங்கில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட அந்த விலங்கை 1994 முதல் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது இரவில்தான் வெளியே வரும், பார்ப்பது அரிது. பிரெய்ரி நாய் போனால் ஃபெரெட்டும் போய்விடும். தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் பிளேக் நோய்தான் இரண்டுக்கும் இப்போது பெரிய எதிரி. ஆகவே வளைக்குப் பக்கத்தில் உட்காரவோ, தீனி போடவோ வேண்டாம்.

1963இல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட சிறு மந்தையின் வழிவந்த பைசன்கள் இன்று ஆயிரத்தைத் தாண்டியுள்ளன. ஆண் எருது 900 கிலோ வரை எடை கொண்டது, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. 100 கஜம் தள்ளியே நில்லுங்கள். வாலை மேலே தூக்கினால் அது கோபத்தின் அடையாளம். மெல்லப் பின்வாங்கி வண்டிக்குள் ஏறுங்கள்.

8. எந்தப் பாதையில் நடப்பது

நேரம் குறைவென்றால் டோர் பாதையும் கிளிஃப் ஷெல்ஃப் பாதையும் போதும். முதல் பாதை மேடுகளின் நடுவே உங்களைக் கொண்டுபோய் விடும். இரண்டாவது, மலைச்சுவரிலிருந்து சரிந்து விழுந்த ஒரு பெரும் மண்பாளத்தின் மேல் செல்கிறது. சரிந்த மண் இறுகி நீரைத் தேக்கி வைப்பதால் அங்கே மட்டும் ஜூனிபர் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. கொஞ்சம் நீர் நின்றால் ஒரு சோலையே உருவாகும் என்பதை அரை மைலில் கண்டுவிடலாம். நாட்ச் பாதையில் மரக்கட்டை ஏணி ஒன்றில் ஏற வேண்டும். உயரத்துக்கு அஞ்சுபவர்களையும் முதியவர்களையும் அழைத்துப் போகாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குப் பலகை நடைபாதை அமைந்த புதைபடிவக் காட்சிப் பாதை வசதியானது.

பூங்காவின் தெற்குப் பகுதி, ஓக்லாலா லக்கோட்டா மக்களின் பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் இருக்கிறது. அங்கே தெளிவான பாதைகள் இல்லை, தனியார் நிலங்களைக் கடக்க அவர்களின் அனுமதி வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டுவீச்சுப் பயிற்சிக்களமாக இருந்ததால் வெடிக்காத குண்டுகளும் கிடக்கக்கூடும். முதல் பயணத்தில் அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

9. எலும்பைக் கண்டால் என்ன செய்வது

அரிப்பு ஒவ்வொரு மழையிலும் புதிய புதைபடிவங்களை வெளியே கொண்டுவருகிறது. அதனால் உங்கள் காலடியிலும் ஒன்று தட்டுப்படலாம். அதை எடுப்பது மட்டுமில்லை, இடம் மாற்றுவதும் குற்றம். எந்த அடுக்கில், எந்த நிலையில் கிடந்தது என்பதில்தான் ஆய்வாளருக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு மையத்துக்கு ஓடினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். 2010இல் பார்வையாளர் மையத்துக்கு அருகிலேயே, வாட்பல் பூனையை ஒத்த விலங்கின் மண்டையோட்டை 7 வயதுச் சிறுமி ஒருத்தி கண்டு, தொடாமல் காவலரிடம் சொன்னாள். பின்னர் முறையாகத் தோண்டி எடுக்கப்பட்டது அப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்துக் கிட்டத்தில் ஒரு படமும், பின்னணி மேடு தெரியத் தள்ளி நின்று ஒரு படமும் எடுங்கள். கைபேசி வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். இணைப்பு இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். நாணயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பென் ரைஃபெல் மையத்துக்குப் போய் புதைபடிவ அறிக்கைப் படிவத்தைக் கேட்டு நிரப்புங்கள். கோடைக்காலத்தில் அங்கே இயங்கும் ஆய்வுக்கூடத்தில், இப்படித் தெரிவிக்கப்பட்ட எலும்புகளின் மேல் ஒட்டியிருக்கும் மண்ணை ஊசிமுனைக் கருவிகளால் துகள் துகளாக நீக்கிக்கொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.